‘சிக்னல்’ கொரியத் தொடரின் முடிவு சரியா? ஜே-ஹான் பிழைத்தாரா? (ஸ்பாய்லர் உண்டு)

#1 அந்திமழை

முழுத் தொடரையும் பார்த்து முடித்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள். முடிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

டிவிஎன் சேனலில் 2016 ஜனவரியிலிருந்து மார்ச் வரை வந்த ‘சிக்னல்’ தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். மொத்தம் 16 எபிசோடு. முதல் பதினைந்தும் என்னை இருந்த இடத்தை விட்டு எழ விடவில்லை. கடைசி எபிசோடு முடிந்ததும், இன்னும் ஏதாவது காட்டுவார்கள் என்று பெயர்கள் ஓடி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

பார்த்து நாளானவர்களுக்காகக் கதையை நினைவுபடுத்துகிறேன். 2015-ல் இருக்கும் போலீஸ்காரர் பார்க் ஹே-யங் கையில் ஒரு பழைய வாக்கி-டாக்கி கிடைக்கிறது. இரவு 11.23 ஆனால் அதில் ஒரு குரல் வரும். பேசுகிறவர் 2000-ல் காணாமல் போன போலீஸ்காரர் லீ ஜே-ஹான். அவர் அந்தக் காலத்தில் இருந்துகொண்டு ஒன்றை மாற்றினால் இங்கே நிகழ்காலம் மாறிவிடும். ஜே-ஹானிடம் வேலை கற்றுக்கொண்ட சா சூ-ஹியூன் பதினைந்து வருடமாக அவரைத் தேடுகிறார். அடையாளம் தெரியாத எலும்புக்கூடு எது கிடைத்தாலும், அது அவராக இருக்குமோ என்று ஓடுகிறார்.

இத்தனையும் காட்டிவிட்டு, கடைசியில் என்ன தருகிறார்கள்? ஹே-யங்கும் சூ-ஹியூனும் கடலோரச் சாலையில் காரில் போகிறார்கள். ஒரு மருத்துவமனை. கறுப்பு உடை போட்ட ஆட்கள் வருகிறார்கள். ஜே-ஹானின் முகம் தெரிகிறது. அவ்வளவுதான். இவர்கள் போய்ச் சேர்ந்தார்களா, அந்த ஆட்கள் முந்திக்கொண்டார்களா, எதுவும் சொல்லவில்லை. சூ-ஹியூன் ஒரு தடவை அவரை நேரில் பார்ப்பதையாவது காட்டியிருக்கலாம். பார்க்கிறவர்களுக்குச் செய்த அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. மற்றவர்களுக்கு எப்படி இருந்தது?

#2 தேரடி (மட்டுறுத்துநர்)

தலைப்பில் ஸ்பாய்லர் எச்சரிக்கை சேர்த்துவிட்டேன். மற்ற தொடர்களின் முடிவை இங்கே உடைக்க வேண்டாம். தேவைப்பட்டால் தனி இழை தொடங்குங்கள்.

#3 கறுப்பு அங்கி

அந்திமழை, உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் நான் இந்த முடிவின் பக்கம்தான் நிற்பேன். குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன் என்பதால் அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன்.

நம்மூரில் கொலை வழக்குத் தொடரக் காலவரம்பு கிடையாது. மூன்றாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய சின்னக் குற்றங்களுக்குத்தான் வரம்பு. அதனால் இந்தத் தொடரின் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குச் சட்டென்று பிடிபடாது. கொரியாவில் கொலைக்கு 15 ஆண்டு வரம்பு இருந்தது. அந்த நாள் தாண்டிவிட்டால், கொன்றவன் தெருவில் நின்று ‘நான்தான் செய்தேன்’ என்று சொன்னாலும் வழக்குப் போட முடியாது. 2007-ல் அதை 25 ஆண்டாக உயர்த்தினார்கள். ஆனால் அதற்கு முன் நடந்த கொலைகளுக்கு அது பொருந்தவில்லை.

இரண்டாவது எபிசோடை இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். சிறுமி கடத்தப்பட்டது 2000 ஜூலை 29. வரம்பு முடிவது 2015 ஜூலை 29 நள்ளிரவு. செய்தவள் விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லோர் கண்ணும் கடிகாரத்தில். சான்று கைக்கு வருகிற நேரத்தில் மணி பன்னிரண்டைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சிறுமிக்காக அவளைத் தண்டிக்கவே முடியாது. இன்னொரு கொலையைக் காட்டித்தான் அவளைப் பிடிக்கிறார்கள்.

நிஜத்தில் கொரிய நாடாளுமன்றம் கொலைக்கான காலவரம்பை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது 2015 ஜூலை 24-ல். நடைமுறைக்கு வந்தது ஜூலை 31-ல். கதையில் அந்தச் சிறுமியின் வழக்கு செத்துப்போனது அதற்கு இரண்டு நாள் முன்னால். எழுத்தாளர் கிம் இயுன்-ஹீ தேதியைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். 1999-ல் தேகு நகரில் ஆசிட் வீச்சில் உயிரிழந்த ஆறு வயதுச் சிறுவனின் பெயரால் அதைத் ‘தே-வான் சட்டம்’ என்கிறார்கள். அந்தக் குழந்தையின் வழக்குக்கே அது பயன்படவில்லை. அந்த வழக்கின் வரம்பு அதற்குள் முடிந்துபோயிருந்தது.

இப்படி ஒரு மண்ணிலிருந்து வந்த கதை இது. கிடப்பில் போட்ட வழக்கை யாராவது ஒருவர் கையில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பேச்சு. கடைசியில் ஹே-யங் குரலில் வருவதும் அதுதான், விடாமல் இருந்தால் நம்பிக்கை உண்டு. கார் போய்க்கொண்டே இருக்கும்போது முடிப்பதுதான் இதற்குச் சரியான இடம்.

#4 நேர்கோடு

கறுப்பு அங்கி சார் சொன்ன சட்ட விஷயம் அருமை. எனக்குத் தெரியாதது. ஆனால் முடிவை நான் ஏற்கவில்லை. என் குறை உணர்ச்சி சம்பந்தப்பட்டதல்ல, கதையின் விதி சம்பந்தப்பட்டது.

காலத்தோடு விளையாடுகிற கதை என்றால் விதி உறுதியாக இருக்க வேண்டும். இந்தத் தொடர் அதை நன்றாகவே காப்பாற்றியது. பழையது மாறிவிட்டால் முந்தைய நினைவு வாக்கி-டாக்கியில் பேசியவர்களுக்கு மட்டும்தான் இருக்கும். லாரி வெடித்துச் சூ-ஹியூன் இறந்துபோகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். ஜே-ஹான் அந்தப் பழைய திருட்டு வழக்கைத் திருத்தியதும் அவர் உயிரோடு கதவைத் திறந்துகொண்டு வருகிறார். தான் செத்துப் பிழைத்தது அவருக்கே தெரியாது. ஹே-யங்குக்கு மட்டும் தெரியும். அவர் சூ-ஹியூனைப் பார்க்கிற பார்வை ஒன்று போதும், அந்த விதி நமக்குப் புரிந்துவிடும்.

கடைசி எபிசோடில் சூ-ஹியூனுக்கும் நினைவு இருக்கிறது. இடையில் அவரும் ஜே-ஹானோடு பேசிவிட்டார், சரி. ஆனால் 2000-ல் பிழைத்த ஜே-ஹான் அடுத்த பதினைந்து வருடம் எங்கே இருந்தார்? ஒரு தடவைகூடச் சூ-ஹியூனைக் கூப்பிடாமல் இருக்க அவரால் எப்படி முடிந்தது? இந்த வாரக் கடைசியில் எல்லாம் முடிந்துவிடும், அப்போது பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் அவர். அந்த மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று ஒரு எச்சரிக்கைச் செய்தி வருகிறதே, அதை அனுப்பியது யார்? நம்பிக்கை என்று பெயர் சொல்லி இந்த ஓட்டைகளை மூட முடியாது. திறந்த முடிவு வேறு, விடை எழுதாமல் விட்டது வேறு.

#5 அந்திமழை

அதேதான் நேர்கோடு! பதினைந்து வருடம் பேசாமல் இருந்ததுதான் எனக்கும் நெருடுகிறது. அவர் உயிரோடு இருந்தார் என்றால் சூ-ஹியூன் அழுத அழுகைக்கு என்ன அர்த்தம்?

#6 நடைமேடை 3

முடிவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான்காவது எபிசோடில் வருகிற தியேட்டர் சீனைப் பேசியாக வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் முடிவு அங்கேயே சொல்லப்பட்டுவிட்டது.

1989. ஜே-ஹான் மனதுக்குள் விரும்பிய பெண் கிம் வொன்-கியங். அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவர். ஜே-ஹான் முரட்டு ஆள், ஆனால் அந்தப் பெண் முன்னால் பேச்சு வராது. தொடர் கொலைகாரன் கையில் அவர் சிக்கிவிடுகிறார். ஜே-ஹானால் காப்பாற்ற முடியவில்லை. அப்புறம் அவர் வைத்துவிட்டுப் போன சினிமா டிக்கெட் ஜே-ஹான் கைக்கு வருகிறது. ஜே-ஹான் தனியாகப் போய் உட்காருகிறார். ஓடுவது நகைச்சுவைப் படம். அரங்கம் முழுக்கச் சிரிக்கிறது. நடுவில் இந்த ஒரு மனிதர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். கேமரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. சோ ஜின்-வூங் அந்த இடத்தில் வசனமே இல்லாமல் நடித்ததை நான் எத்தனை தடவை பார்த்தாலும் தாங்க முடிவதில்லை.

வாக்கி-டாக்கி கையில் இருந்தும் வொன்-கியங்கைக் காப்பாற்ற முடியவில்லை, பாருங்கள். எதிர்காலத்திலிருந்து தகவல் வந்தாலும் சிலரை இழந்தே தீர வேண்டும் என்று நான்காவது எபிசோடிலேயே நமக்குச் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட கதையில் ஜே-ஹானும் சூ-ஹியூனும் கட்டிப்பிடித்து அழுகிற காட்சியோடு முடித்திருந்தால், வொன்-கியங்கின் சாவை நாம் அன்றைக்கே மறந்துபோயிருப்போம். கடைசியில் ஜே-ஹானின் முகம் தெரிந்ததே, எனக்கு அது போதுமாக இருந்தது.

#7 சங்குமுகம்

தியேட்டர் சீன்… எழுதிவிட்டீர்கள், இன்றைக்குத் தூக்கம் போச்சு.

#8 வைகறை வாசகி

இந்த வழக்கின் நிஜத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு முடிவின் மேல் இருந்த அபிப்பிராயமே அதனால்தான் மாறியது.

தொடரில் வரும் 1989 கொலைகள் ஹ்வாசொங் தொடர் கொலைகளை ஒட்டி எழுதப்பட்டவை. 1986-லிருந்து 1991-க்குள் கியோங்கி மாகாணத்தின் ஹ்வாசொங் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். கடைசிக் கொலையின் காலவரம்பும் 2006-ல் முடிந்துவிட்டது. தொடர் வந்த 2016-ல் கொன்றவன் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எழுத்தாளர் தன் கதைக்குள் ஒரு கொலைகாரனை உண்டாக்கிக்கொண்டார். பஸ் டிரைவரின் மகன், அவனைக் காப்பாற்றுகிற அப்பா.

மூன்று வருடம் கழித்து, 2019 செப்டம்பரில், பாதுகாத்து வைத்திருந்த பழைய தடயங்களில் டிஎன்ஏ பரிசோதனை செய்து நிஜக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். லீ சுன்-ஜே. மனைவியின் தங்கையை 1994-ல் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று ஏற்கெனவே பூசான் சிறையில் இருந்தவன். 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். ஆனால் இந்தக் கொலைகளுக்காக அவன் மேல் வழக்குப் போட வழியில்லை.

இதில் எனக்கு நெஞ்சு பதறிய இடம் எட்டாவது கொலை. அதற்காக வேறொருவரைப் பிடித்து, அடித்து ஒப்புக்கொள்ள வைத்து, சுமார் இருபது வருடம் சிறையில் வைத்திருந்தார்கள். சின்ன வயதில் போலியோ வந்து கால் பாதிக்கப்பட்டவர். 2020 டிசம்பரில் மறுவிசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. தொடரில் ஹே-யங்கின் அண்ணன் சுன்-வூவுக்கு நடந்ததும் இதே மாதிரி அநியாயம்தானே! செய்யாத குற்றத்தைப் பெரிய இடத்துப் பையன்களுக்காக அவன் தலையில் கட்டினார்கள்.

2016-ல் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு கற்பனையான ஆறுதலாகத் தெரிந்திருக்கலாம். நான் 2020-க்குப் பிறகு பார்த்தேன். தடயத்தை யாரோ குப்பையில் போடாமல் பெட்டியில் வைத்திருந்தார்கள், அதனால் முப்பது வருடம் கழித்து உண்மை வந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தேன். அந்தக் கார் ஓடிக்கொண்டே இருப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

#9 நேர்கோடு

வைகறை வாசகி, நல்ல பதிவு. ஆனால் நிஜத்தில் வந்த முடிவைத் தொடரின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. 2016-ல் அந்த எபிசோடு தன்னளவில் நின்றதா என்பதுதான் என் கேள்வி.

#10 கறுப்பு அங்கி

நின்றது என்றுதான் அன்றைக்கே பலர் நினைத்தார்கள். கடைசி எபிசோடுக்குக் கொரியாவில் 12 சதவீதத்துக்கு மேல் ரேட்டிங், கேபிள் சேனலுக்கு அது பெரிய எண். அந்த ஆண்டு பேக்சாங் விருதுகளில் சிறந்த தொடர், சிறந்த திரைக்கதை, சூ-ஹியூனாக நடித்த கிம் ஹே-சூவுக்குச் சிறந்த நடிகை என்று மூன்று முக்கிய விருதுகள் இதற்குத்தான் போயின. விருது வாங்கிவிட்டது என்பதால் ஓட்டை அடைபட்டுவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘பார்க்கிறவர்களுக்குச் செய்த அநியாயம்’ என்பது பொதுக்கருத்தாக இருக்கவில்லை.

#11 வெந்தயக்குழம்பு

எல்லோரும் மருத்துவமனையையே பார்க்கிறீர்கள். எனக்கு முடிவு ஹே-யங்கின் வீட்டில் இருக்கிறது.

சின்னப் பையன் ஹே-யங்கை நினைவிருக்கிறதா? அண்ணன் செத்துப்போய், அப்பா அம்மா பிரிந்து, பசியோடு ஒரு சின்ன உணவுக்கடைக்குள் போவான். மெனுவிலேயே இல்லாத முட்டை சாதம் கேட்பான். கடைக்கார அம்மா செய்து கொடுப்பார். அப்புறம் அடிக்கடி வந்து சாப்பிடுவான். அந்தச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, தூரத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஜே-ஹான் என்று பெரியவனான பிறகுதான் அவனுக்குத் தெரிய வருகிறது. போலீஸ் என்றாலே வெறுத்து வளர்ந்த பையன். தனக்காக ஒரு போலீஸ்காரர் இருந்தார் என்று அந்தக் கடைக்காரம்மா வாயால் கேட்டதும், ஹே-யங்காக நடித்த லீ ஜே-ஹூன் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

கடைசி எபிசோடில் ஹே-யங் கண் விழிக்கும்போது அப்பா அம்மா சேர்ந்து இருக்கிறார்கள். ஜே-ஹான் பிழைத்து உண்மையை வெளியே கொண்டுவந்ததால் அந்தக் குடும்பம் உடையவில்லை. ஆனால் அண்ணன் திரும்பி வரவில்லை. அந்தச் சாவு நடந்தது நடந்ததுதான். அவன் மேல் இருந்த பழி மட்டும் போயிருக்கிறது. அந்த வீட்டைப் பார்த்து நான் சந்தோஷப்படவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு மனிதர் நேர்மையாக இருந்தால் எவ்வளவு சரியாகும், எவ்வளவு சரியாகாது என்று அந்த ஒரு வீட்டில் காட்டிவிட்டார்கள். ஜே-ஹானை மருத்துவமனையில் பார்த்தார்களா இல்லையா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

அந்திமழை, நீங்கள் இந்தப் பகுதியை இன்னொரு தடவை பாருங்கள், சூ-ஹியூனை மறந்துவிட்டு.

#12 பொரிகடலை

எனக்கு ஜே-ஹானைவிட அந்த அரசியல்வாதி ஜாங் யோங்-சோல் மேல்தான் ஆத்திரம். எல்லாக் கொடுமைக்கும் மேலே உட்கார்ந்திருப்பவன் அவன். அவனுக்கு அடியாள் வேலை பார்த்த போலீஸ் அதிகாரி கிம் பியோம்-ஜூ மாட்டுகிறான், பாவம் செய்த இன்னொரு போலீஸ்காரன் ஆன் சி-சூ செத்துப்போகிறான். ஜாங்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கறுப்பு உடை ஆட்கள் கடைசி நிமிடத்திலும் அலைகிறார்கள் என்றால் அவன் இன்னும் அதிகாரத்தோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

நிஜ வாழ்க்கையில் அப்படித்தான் நடக்கும் என்று சொல்வார்கள். நிஜத்தைத்தான் தினம் செய்தியில் பார்க்கிறோமே. காலத்தைத் தாண்டிப் பேசுகிற ஒரு வாக்கி-டாக்கியைக் கதையில் கொண்டுவர முடிகிறவர்களால் ஒரு எம்.பி.யைக் கூண்டில் ஏற்ற முடியாதா?

#13 நடைமேடை 3

பொரிகடலை, இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஜே-ஹானின் முடிவைத் திறந்து விட்டதற்குக் கதையில் காரணம் இருக்கிறது. ஜாங் விஷயத்தில் அப்படி ஒரு காரணம் எனக்கும் தெரியவில்லை. அவனை அடுத்த பாகத்துக்காகச் சேமித்து வைத்தது போலத்தான் இருக்கிறது.

#14 ஈரக்காற்று

அடுத்த பாகம் என்றதும் சொல்கிறேன். தொடர்ச்சி வரும் என்று அறிவித்ததும் நானும் குதித்தேன். கிம் இயுன்-ஹீயேதான் எழுதுகிறார். ஆனால் யோசித்துப் பார்த்தால், பத்து வருடம் இந்த முடிவோடு வாழ்ந்துவிட்டோம். ஆளாளுக்கு ஒரு விடை மனதில் வைத்திருக்கிறோம். என் விடையில் சூ-ஹியூன் அந்த அறைக்குள் போய்விட்டார். அதை யாரும் மாற்றக் கூடாது என்று எனக்கு ஒரு பயம்.

இந்தியில் 2024-ல் ‘கியாரா கியாரா’ என்று ரீமேக் வந்தது, ஜீ5-ல் இருக்கிறது. அங்கே 11.23-க்குப் பதில் 11.11. 2018-ல் ஜப்பானிலும் எடுத்தார்கள். எனக்குக் கொரிய மூலத்தின் குளிரும் அந்தக் கரகரத்த வாக்கி-டாக்கிச் சத்தமும்தான் மனதில் நிற்கிறது.

#15 சங்குமுகம்

வாக்கி-டாக்கியில் ஒட்டியிருக்கும் அந்த மஞ்சள் சிரிப்பு ஸ்டிக்கர்! புதிதாக வேலைக்குச் சேர்ந்த சூ-ஹியூன் ஒட்டியது. ஜே-ஹான் அதைக் கடைசி வரை பிய்த்துப் போடவில்லை. பேசாமலே இருந்துவிட்டார் என்று நேர்கோடு குறை சொன்னதற்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான். அவர் வாயால் சொல்கிற ஆளே இல்லை.

#16 நேர்கோடு

ஸ்டிக்கர் அழகான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு போன்கூடச் செய்யாததற்கு அது காரணம் ஆகாது. ஜாங்கின் ஆட்கள் தன்னைத் தேடுவதால், தொடர்பு கொண்டால் சூ-ஹியூனுக்கு ஆபத்து என்று ஒதுங்கியிருந்தார் என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அந்த எச்சரிக்கைச் செய்தியும் அப்போது பொருந்தும், அவரைத் தேடி வராதே என்று. இதை நாமாக ஊகிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். இரண்டே வரி வசனம் போதும், இது ஊகம் என்ற நிலையிலிருந்து கதையாகியிருக்கும்.

#17 அந்திமழை

எல்லோருடைய பதிவையும் படித்தேன். வெந்தயக்குழம்பு சொன்னபடி ஹே-யங் வீட்டுப் பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தடவை ஜே-ஹான் எங்கே, ஜே-ஹான் எங்கே என்று ஓடியதில் அந்த அம்மா அப்பா முகத்தை நான் சரியாகவே கவனிக்கவில்லை. அந்த வீடு என்னை உலுக்கிவிட்டது.

ஆனாலும் சூ-ஹியூன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹே-யங்குக்கு ஒரு வீடு கிடைத்தது, ஜே-ஹானுக்கு உயிர் கிடைத்தது. 1997-ல் தலையில் பையைக் கட்டிக் கடத்தப்பட்டு, அதிலிருந்து தப்பி வந்து, அந்தப் பயத்தோடு போலீஸ் வேலையில் நின்ற பெண் அவர். மூன்று பேரில் அதிகம் காத்திருந்ததும் அவர்தான். அவருக்கு மட்டும் கடைசியிலும் காத்திருப்புத்தான். கறுப்பு அங்கி சார், விடாமல் இருந்தால் நம்பிக்கை உண்டு என்று தொடர் சொல்கிறது என்றீர்கள். அவர் விடாமல்தானே இருந்தார்?

#18 கறுப்பு அங்கி

இருந்தார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அந்திமழை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் காரில் போகும்போது கிம் ஹே-சூவின் முகத்தைப் பாருங்கள். பதினைந்து எபிசோடில் ஒவ்வொரு பிரேதக் கிடங்கு வாசலிலும் நாம் பார்த்த முகம் இல்லை அது. முதல் தடவையாக உயிரோடு இருக்கிற ஒருவரைத் தேடிப் போகிறார்.

#19 பொரிகடலை

அது சரி சார். ஜாங் யோங்-சோலுக்கு யார் பதில் சொல்வது?